குறைமாசக் குழந்தை, குடல் பாக்டீரியா, எந்தப் பால்? இந்த மாச கேள்வி பதில்

போன இதழ்ல குடல் பாக்டீரியா பத்தி நாலு வரி எழுதினேன், அதுக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல குறைமாசத்துல பொறந்த குழந்தைங்களோட வீட்டுக்காரங்க கிட்ட இருந்துதான். அதனால சளி, பல்லு, தடுப்பூசி கேள்வி எல்லாத்தையும் அடுத்த மாசத்துக்கு தள்ளிட்டு இந்த தடவை இது ஒண்ணை மட்டும் எடுத்துக்கறேன். ஒரே மாதிரி கேட்டவங்க கேள்விய ஒண்ணா சேர்த்திருக்கேன், உங்க வார்த்தை அப்படியே வரலைன்னு கோச்சுக்காதீங்க.

கேள்வி: டாக்டர், என் பொண்ணு 29 வாரத்துல பொறந்தா, எடை 1200 கிராம். என்ஐசியுல (பச்சக் குழந்தைங்களுக்கான ஐசியு) டியூப் வழியா பால் போகுது. எனக்கு பால் கம்மியாதான் வருது, அதனால என் பால் கொஞ்சம், பால் வங்கி பால் கொஞ்சம்னு கலந்து குடுக்கறாங்க. எந்தப் பால் குடிக்குதோ அதுக்கேத்த கிருமிதான் வயித்துல வளரும்னு படிச்சேன். என் பொண்ணுக்கு தப்பான கிருமி வளர்ந்துடுமா? என் 10 மில்லி, 15 மில்லி பால்ல என்ன ஆகப் போகுது?

நீங்க படிச்சது சரிதான்மா, ஆனா அது முழுக் கதை இல்ல. எந்தப் பால்ங்கறது ஒரு காரணம். குழந்தை எத்தனை வாரத்துல பொறந்துச்சு, ஆன்டிபயாடிக் எத்தனை நாள் போச்சு, சிசேரியனா நார்மலா, ஐசியுல எவ்வளவு நாள் இருக்கு, இதுக்கெல்லாமும் பெரிய பங்கு இருக்கு.

நிறைமாசத்துல பொறந்து தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைன்னா பெரும்பாலும் கொஞ்ச நாள்லயே பெருங்குடல்ல பிஃபிடோபாக்டீரியம்ங்கற கூட்டம் மெஜாரிட்டி ஆயிடும். பாரிஸ்ல பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல ஹென்றி டிசியேன்னு ஒருத்தர் 1900 வாக்குல இதை முதல்ல கண்டுபிடிச்சதே தாய்ப்பால் குடிக்கிற குழந்தையோட ஆய்ல இருந்துதான்.

குறைமாசக் குழந்தைக்கு அந்த ஆரம்பமே வேற மாதிரி. அம்மா கிட்ட இருந்து வர வேண்டிய பாக்டீரியா சரியா வராம, பொறந்ததும் இன்குபேட்டர், டியூப், ஊசி, ஆன்டிபயாடிக்னு போறதால காலியா இருக்கற குடல்ல யார் முதல்ல துண்டு போட்டு இடம் பிடிக்கறாங்களோ அவங்க ராஜ்ஜியம்தான். வழக்கமா முதல்ல தோல்ல இருக்கற ஸ்டஃபைலோகாக்கஸ், அப்புறம் என்டரோகாக்கஸ், அதுக்கப்புறம் கிளெப்சியெல்லா, ஈ கோலை எல்லாம் இருக்கற குடும்பம் வந்து பெரிய அளவுல உக்காந்துக்கும், பிஃபிடோ மெதுவா லேட்டாதான் வரும். 2014ல அமெரிக்காவுல 58 குறைமாசக் குழந்தைங்களோட ஆய் சாம்பிள் தொள்ளாயிரத்துக்கும் மேல எடுத்துப் பாத்தாங்க, இந்த வரிசை கிட்டத்தட்ட எல்லா குழந்தைக்கும் ஒண்ணா இருந்துச்சு, எவ்வளவு வேகமா மாறுதுங்கறதுதான் குழந்தை எத்தனை வாரத்துல பொறந்ததுங்கறதப் பொறுத்து வித்தியாசப்பட்டுச்சு. அதனால உங்க பொண்ணு வயித்துல இப்ப கிளெப்சியெல்லா இருந்தா அது ஆச்சரியமே இல்ல, நீங்க எதோ தப்பு பண்ணிட்டதா அர்த்தமும் இல்ல. இருக்கறது வேற, நோய் வர்றது வேற.

சரி, இதுல பால் எங்க வருதுன்னு கேட்டா, தாய்ப்பால்ல லாக்டோஸ், கொழுப்புக்கு அடுத்து மூணாவது இடத்துல அதிகமா இருக்கறது ஒலிகோசாக்கரைடுன்னு ஒரு சர்க்கரை வகை, லிட்டருக்கு 5ல இருந்து 15 கிராம், சீம்பால்ல இன்னும் ஜாஸ்தி. இதுல நூத்துக்கும் மேல விதம் இருக்கு. வேடிக்கை என்னன்னா குழந்தையால இதை ஜீரணிக்கவே முடியாது, அதுக்கான என்சைமே அதுகிட்ட இல்ல. நேரா பெருங்குடலுக்குப் போயி பிஃபிடோவுக்கு சாப்பாடா மாறுது. அதைத் தின்னுட்டு பிஃபிடோ அசிட்டேட்டும் லாக்டேட்டும் வெளிய விடும், குடல் கொஞ்சம் புளிப்பாகும், அந்த புளிப்பு கிளெப்சியெல்லா மாதிரி ஆளுங்களுக்கு ஒத்துக்காது. அம்மா உடம்பு தான் சாப்பிட்டதுல இருந்து சக்தி எடுத்து, தன் குழந்தைக்கே செரிக்காத ஒண்ணை இவ்வளவு தயாரிக்குதுன்னா அது யாருக்காகன்னு யோசிச்சுப் பாருங்க.

அதோட லாக்டோஃபெரின்னு ஒரு புரதம் இருக்கு, கெட்ட கிருமிக்கு வேணுங்கற இரும்ப கட்டிப் போட்டுடும். லைசோசைம் கிருமியோட சுவர உடைக்கும். ஐஜிஏன்னு ஒரு ஆன்டிபாடி, அது அம்மா உடம்பு ஏற்கனவே பாத்துப் பழகின கிருமிங்க மேல போயி ஒட்டிக்கிட்டு குடல் சுவரத் தொட விடாது. குறைமாசத்துல பெத்த அம்மாவோட பால்ல முதல் சில வாரத்துக்கு புரதமும் இந்த ஐஜிஏவும் நிறைமாச அம்மாவோட பால விட அதிகமாவே இருக்கும். பால்லயே உயிரோட பாக்டீரியாவும் இருக்கு. 2017ல 107 அம்மா குழந்தை ஜோடிங்கள வச்சு பாத்ததுல, முக்கியமா தாய்ப்பால்லயே வளர்ற குழந்தைங்களுக்கு முதல் மாசத்துல குடல் பாக்டீரியால 28 சதவீதம் போல பால்ல இருந்தும், 10 சதவீதம் போல மார்பகத் தோல்ல இருந்தும் வந்திருந்துச்சு. டியூப்ல பால் போற குழந்தைக்கு அந்தத் தோல் பங்கு கிடைக்காது, அதனாலதான் கங்காரு கேர்னு குழந்தைய உங்க நெஞ்சு மேல வெறும் தோலோட தோலா போட்டுக்கச் சொல்றோம். பால் சுரக்கறதுக்கும் அது உதவும்.

இப்ப உங்க 15 மில்லிக்கு வர்றேன், எனக்கு உங்க கேள்விலயே முக்கியமா பட்டது இந்தக் கடைசி வரிதான். 2013ல சிகாகோல 175 சின்ன எடை குழந்தைங்கள கவனிச்சு ஒரு கணக்கு சொன்னாங்க, முதல் 28 நாள்ல ஒரு நாளைக்கு குடிக்கற தாய்ப்பால் கிலோவுக்கு 10 மில்லி கூடக் கூட ரத்தத்துல கிருமி பரவற செப்சிஸ் வர்ற வாய்ப்பு 19 சதவீதம் குறையுதுன்னு. உங்க பொண்ணு 1200 கிராம், அவளுக்கு அந்த 10 மில்லி கணக்குங்கறது நாள் முழுக்க சேர்த்து 12 மில்லி. நீங்க ஒண்ணுமில்லன்னு நினைக்கற அளவு கிட்டத்தட்ட அதேதான். கவனிச்சுப் பாத்த கணக்குதான், இதனாலதான் அதுன்னு அடிச்சு சொல்ற வகை ஆராய்ச்சி இல்ல, இருந்தாலும் இந்தப் பக்கம் கை காட்டற ஆராய்ச்சி நிறைய இருக்கு.

பால் கம்மின்னா ராத்திரியும் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டு தடவையாவது பீச்சி எடுங்க, வர்றது ரெண்டு சொட்டானாலும் எடுங்க. குழந்தைய நெஞ்சுல போட்டுக்கிட்டு எழுந்த உடனே பம்ப் பண்ணா கொஞ்சம் அதிகமா வரும்னு நிறைய அம்மாங்க சொல்வாங்க. சீம்பால் மிச்சம் இருந்தா அதை குழந்தையோட கன்னத்து உள்பக்கம் தடவ முடியுமான்னு நர்ஸ் கிட்ட கேளுங்க, பல இடத்துல பண்றாங்க.

கேள்வி: சார், பால் வங்கி பால சூடு பண்ணித்தான் குடுக்கறாங்களாம். அப்ப அதுல இருக்கற நல்லது எல்லாம் செத்துடுமே. செத்த பாலுக்கு ஃபார்முலாவே (டப்பா பவுடர் பால்) மேல் இல்லையா? ஒரு அப்பாவா லாஜிக்கா கேக்கறேன்.

லாஜிக் நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா முதல் படியிலயே கொஞ்சம் வழுக்குது. டோனர் பால, அதாவது வேற அம்மாங்க குடுத்த பால் வங்கி பால, 62.5 டிகிரில 30 நிமிஷம் வைப்பாங்க. ஹோல்டர் முறைன்னு பேரு. எச்ஐவி, சிஎம்வி மாதிரி வைரஸ், நோய் தர்ற பாக்டீரியா எதுவும் முகம் தெரியாத ஒரு அம்மா கிட்ட இருந்து இந்தக் குழந்தைக்கு வந்துடக் கூடாதுன்னுதான் இது.

இதுல போறது என்னன்னா, உயிரோட இருக்கற பாக்டீரியா போயிடும், கொழுப்பு செரிக்க உதவற லைபேஸ் என்சைம் சுத்தமா போயிடும், லாக்டோஃபெரின்ல பெரும்பங்கு, ஐஜிஏல ஒரு பங்கு போயிடும். ஆனா மேல சொன்னேனே அந்த ஒலிகோசாக்கரைடு, அது இந்த சூட்டுக்கெல்லாம் அசராது, கிட்டத்தட்ட முழுசா அப்படியே இருக்கும். அதனால செத்த பால்னு சொல்லிட முடியாது. பாக்டீரியா இல்ல, பாக்டீரியாவுக்கான சாப்பாடு இருக்கு.

குறைமாசக் குழந்தைங்களோட ஆய எடுத்துப் பாத்த ஆராய்ச்சிகள்லயும் ஏறக்குறைய இதேதான் தெரியுது. சொந்த அம்மா பால் குடிச்ச குழந்தைக்கு பிஃபிடோ அதிகமா இருக்கு, டோனர் பால் குடிச்சதுக்கு அதை விடக் குறைவு, ஸ்டஃபைலோகாக்கஸ் கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா மொத்தமா பாத்தா ஃபார்முலா பக்கத்த விட அம்மா பால் பக்கமாத்தான் சாஞ்சிருக்கு. எல்லா ஆராய்ச்சியும் இதே அச்சுல வரும்னு இல்ல, ஏன்னா எண்ணிக்கை சின்னது, ஒவ்வொரு ஐசியுக்கும் ஆன்டிபயாடிக் பழக்கம் வேற, அதோட குழந்தைக்குக் குழந்தை வித்தியாசமே பாலால வர்ற வித்தியாசத்த விட சில சமயம் பெருசா இருக்கும்.

பாக்டீரியா லிஸ்ட்ட விடுங்க, குழந்தைக்கு என்ன ஆச்சுங்கறதுதான எனக்கும் உங்களுக்கும் வேணும். டோனர் பாலையும் ஃபார்முலாவையும் நேருக்கு நேர் வச்சுப் பாத்த சோதனைகள சேர்த்து, மருத்துவ ஆராய்ச்சிகள தொகுத்து அலசற காக்ரேன் அமைப்புக்காரங்க கணக்குப் போட்டாங்க. ஃபார்முலால எடை, நீளம், தலை சுத்தளவு எல்லாம் சீக்கிரம் ஏறுது, அது நிஜம். ஆனா என்இசிங்கற குடல் அழுகல் நோய் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகுது, அதாவது 33 குழந்தைக்கு ஃபார்முலா குடுத்தா ஒரு குழந்தைக்கு கூடுதலா அந்த நோய் வருது. உலக சுகாதார நிறுவனமும் 2022ல, 32 வாரத்துக்கு முன்னாடி பொறந்ததுக்கும் ஒன்றரை கிலோவுக்குக் கம்மியா பொறந்ததுக்கும் அம்மா பால் இல்லாட்டி டோனர் பால் குடுக்கலாம்னு சொல்லியிருக்கு. அம்மா பால் முதல், அது பத்தலன்னா டோனர் பால், அதுவும் இல்லன்னா குறைமாசத்துக்குன்னே செஞ்ச ஃபார்முலா, வரிசை இதுதான்.

அம்மாவோட ஃப்ரெஷ் பால் கொஞ்சத்த டோனர் பால்ல கலந்து உடம்புச் சூட்டுல சில மணி நேரம் வச்சா அம்மாவோட பாக்டீரியா அதுல திரும்ப வளருதுன்னு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. படிக்க சுவாரசியமா இருக்கும், ஆனா லேப்ல நடக்கற வேலை அது, தயவு செஞ்சு வீட்டு கிச்சன்ல யாரும் ஆரம்பிச்சுடாதீங்க.

கேள்வி: டாக்டர் தம்பி, என் பேரன் குறைமாசம். பக்கத்து பெட் குழந்தைக்கு பவுடர் பால் குடுத்து கிடுகிடுன்னு எடை ஏறுது. எங்க பேரனுக்கு மட்டும் தாய்ப்பால், டோனர் பால்னு 10 கிராம், 15 கிராமாத்தான் ஏறுது. எடை ஏறினாத்தான வீட்டுக்கு விடுவீங்க?

எடை மெஷினையே பாத்துக்கிட்டு நிக்கறது எவ்வளவு கஷ்டம்னு தெரியும்மா. ஆனா அந்த பக்கத்து பெட் குழந்தை எத்தனை வாரம், என்ன எடைன்னு தெரியாம ஒப்பிடாதீங்க, அது 34 வாரக் குழந்தையா இருக்கலாம்.

குறைமாசக் குழந்தையோட குடல் சுவர்ல டிஎல்ஆர் 4னு ஒரு உணரி இருக்கு, கிளெப்சியெல்லா, ஈ கோலை மாதிரி பாக்டீரியாவோட மேல்தோல்ல இருக்கற ஒரு பொருளைப் பாத்தா அது அலாரம் அடிக்கும். நிறைமாசக் குழந்தைக்கு இந்த உணரி அடங்கி இருக்கும், குறைமாசத்துக்கு அளவுக்கு மீறி இருக்கும். அதனால அந்தக் கூட்டம் திடீர்னு பெருகினா குடல் ஓவரா ரியாக்ட் பண்ணி, தானே தன்னைப் புண்ணாக்கிக்கிட்டு, ரத்த ஓட்டம் குறைஞ்சு அழுக ஆரம்பிக்கும். அதுதான் என்இசி. ஒன்றரை கிலோவுக்குக் கீழ பொறந்ததுல நூத்துக்கு 5ல இருந்து 10 குழந்தைக்கு வரும், வந்ததுல நூத்துக்கு 20, 30 குழந்தை பொழைக்கறதில்ல. 2019ல வந்த ஒரு ஆராய்ச்சில என்இசி வர்றதுக்கு முன்னாடியே அந்தக் குழந்தைங்க குடல்ல அம்மாவோட ஐஜிஏ ஒட்டாத கிருமிங்க கூடிக்கிட்டே வந்தது தெரிஞ்சுது. அந்த ஐஜிஏ பால்ல இருந்துதான் வரணும், பொறந்த குழந்தை உடம்பு அதைத் தானா செய்ய நாளாகும்.

இங்கிலாந்துல 1990லயே 926 குறைமாசக் குழந்தைங்கள பாத்துட்டு, ஃபார்முலா மட்டும் குடிச்சதுக்கு தாய்ப்பால் மட்டும் குடிச்சத விட 6ல இருந்து 10 மடங்கு என்இசி அதிகம்னு எழுதிட்டாங்க. அதனால டாக்டருங்க எடைய மெதுவா ஏற விடறாங்கன்னா அசால்ட்டு இல்ல, இந்த பயம்தான். எடை சுத்தமா நின்னு போச்சுன்னா அதுக்கு வேற வழி இருக்கு, அடுத்த கேள்விலயே வருது பாருங்க.

ஒண்ணு மட்டும், பேரனுக்கு வயிறு திடீர்னு உப்பி இறுகிப் போனாலோ, பச்சையா வாந்தி எடுத்தாலோ, ஆய்ல ரத்தம் தெரிஞ்சாலோ, சோர்ந்து மூச்ச விட்டு விட்டு வாங்கினாலோ அந்த நிமிஷமே நர்ஸ் கிட்ட சொல்லுங்க.

கேள்வி: என் பால்ல ஒரு பவுடர் கலந்து குடுக்கறாங்க. ஃபார்டிஃபையர்னு சொன்னாங்க. சுத்தமான தாய்ப்பால அது கெடுத்துடாதா?

கெடுக்காது. 1 கிலோ குழந்தைக்குத் தேவைப்படற புரதம், கால்சியம், பாஸ்பரஸ் எந்த அம்மா பால்லயும் அந்த அளவுக்கு இருக்காது, வயித்துக்குள்ளயே இருந்திருந்தா தொப்புள் கொடி வழியா போயிருக்க வேண்டியது அது. உங்க பால்ல இருக்கற ஐஜிஏ, ஒலிகோசாக்கரைடு எல்லாம் பவுடர் போட்டதால காணாமப் போகாது. பெரும்பாலான ஃபார்டிஃபையர் மாட்டுப்பால்ல இருந்து செஞ்சது, மனுஷப் பால்ல இருந்து செஞ்சதும் இருக்கு, அதுதான் உசத்தியான்னு கேட்டா மத்ததெல்லாம் சமமா இருக்கும்போது பெரிய வித்தியாசம் உறுதியா காட்டப்படல. விளம்பரத்துல சொல்ற அளவுக்கு நான் அதை நம்பறதில்ல.

கேள்வி: என் பால கல்ச்சர் டெஸ்ட் பண்ணதுல ஸ்டஃபைலோகாக்கஸ் வளர்ந்திருக்குன்னு ரிப்போர்ட். பயந்து போயி ரெண்டு நாள் பால கொட்டிட்டேன். காய்ச்சிக் குடுக்கலாமா?

கொட்டாதீங்க, காய்ச்சவும் வேண்டாம். காய்ச்சினா டோனர் பாலுக்கு பண்றத விட மோசமான சூடு அது, ஐஜிஏ, லாக்டோஃபெரின் எல்லாம் காலி. ஸ்டஃபைலோகாக்கஸ்னு ஒரே பேர்ல பல வகை இருக்கு, தோல்ல சாதாரணமா இருக்கற எபிடெர்மிடிஸ் பெரும்பாலான அம்மா பால்ல வரும், பால் கிருமியே இல்லாம இருக்கணும்னு யாரும் எதிர்பாக்கறதில்ல. ரிப்போர்ட்ட குழந்தைய பாக்கற டாக்டர் கிட்ட காட்டுங்க, நோய் தரக்கூடிய ஆரியஸ் வகைனாலும், மார்புல சீழ் கட்டி இருந்தாலும் அவர் பாத்து சொல்வார். காரணமே இல்லாம ரொட்டீனா பால கல்ச்சருக்கு அனுப்பறத நான் ஆதரிக்கறதே இல்ல, இந்த மாதிரி பயத்தத் தவிர அதுல பெருசா ஒண்ணும் கிடைக்காது.

ஒரே ஒரு விதிவிலக்கு சிஎம்வி. அம்மாவுக்கு முன்ன எப்பவோ வந்து அடங்கின வைரஸ் பால்ல வெளிய வரலாம், நிறைமாசக் குழந்தைக்கு அதனால ஒண்ணும் ஆகாது, ரொம்ப சின்னக் குழந்தைக்கு சில சமயம் பிரச்சனை பண்ணும். அதுக்காக சில ஆஸ்பத்திரில 32 வாரத்துக்குள்ள பொறந்ததுக்கு பால உறைய வச்சோ சூடு பண்ணியோ குடுப்பாங்க, உறைய வச்சா வைரஸ் குறையும், முழுசா போகாது.

நீங்க கவலைப்பட வேண்டியது பம்பையும் பாட்டிலையும் பத்தி. கைய சோப்பு போட்டு கழுவுங்க, பால் படற பார்ட் எல்லாத்தையும் ஒவ்வொரு தடவையும் கழட்டிக் கழுவி, ஆஸ்பத்திரில சொன்ன மாதிரி ஸ்டெரிலைஸ் பண்ணி காய வைங்க. ஈரமா மூடி வச்ச பம்ப் டப்பால வளர்றதுதான் நமக்கு ஆகாத கிருமி. வீட்ல இருக்கற நிறைமாசக் குழந்தைக்கு பீச்சின பால் ரூம்ல 4 மணி நேரம், ஃபிரிட்ஜ்ல 4 நாள்னு சொல்வோம், ஐசியு குழந்தைக்கு அதை விடக் கறாரா இருப்பாங்க, அவங்க சொல்ற நேரத்தையே எடுத்துக்கோங்க. மைக்ரோவேவ் கூடவே கூடாது.

இதுல இன்னொண்ணு, தாய்ப்பால்ல கிருமின்னு பயப்படறவங்க ஃபார்முலா பவுடர் ஸ்டெரைல்னு நினைச்சுக்கறாங்க. டப்பால இருக்கற பவுடர் ஸ்டெரைல் கிடையாது, க்ரோனோபாக்டர்னு ஒரு கிருமி அபூர்வமா அதுல இருந்து வரும், குறைமாசக் குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்து. அதனாலதான் தண்ணி குறைஞ்சது 70 டிகிரி சூட்ல இருக்கும்போதே பவுடர கலந்து, அப்புறம் ஆற வச்சுக் குடுக்கச் சொல்றாங்க.

கேள்வி: பிஃபிடோதான் நல்லதுன்னா அதையே சொட்டு மருந்தா குடுத்துட்டா வேலை முடிஞ்சுதே? ஆன்லைன்ல நிறைய ப்ரோபயாடிக் ட்ராப்ஸ் வருது.

எல்லாருக்கும் தோணற யோசனைதான், ஆராய்ச்சியாளருங்களுக்கும் தோணிச்சு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல ஆயிரத்துக்கும் மேல குழந்தைங்கள வச்சு மூணு பாக்டீரியா கலவை குடுத்துப் பாத்தாங்க, 2013ல ரிசல்ட் வந்துச்சு, என்இசி 4.4 சதவீதத்துல இருந்து 2 சதவீதமா குறைஞ்சுது. நல்ல செய்தி. அடுத்து 2016ல இங்கிலாந்துல 1310 குழந்தைங்களுக்கு பிஃபிடோபாக்டீரியம் ப்ரீவேன்னு ஒரே ஒரு வகை குடுத்துப் பாத்தாங்க, எந்தப் பலனும் இல்ல. ரெண்டும் பெரிய, ஒழுங்கா நடந்த சோதனை. ப்ரோபயாடிக்னு பொதுவா ஒரு மருந்து கிடையாது, எந்த இனம், அதுல எந்த ரகம், எவ்வளவு டோஸ், கூட எந்தப் பால் போகுதுங்கற எல்லாம் சேர்ந்துதான் பலன். பிஃபிடோவ உள்ள விட்டுட்டு அதுக்கு சாப்பாடான தாய்ப்பால குடுக்கலன்னா அது அங்க எத்தனை நாள் தாங்கும் சொல்லுங்க. உலக சுகாதார நிறுவனம் கூட, தாய்ப்பால் குடிக்கிற, 32 வாரத்துக்கு முன்ன பொறந்த குழந்தைக்கு யோசிக்கலாம்னுதான் சொல்லுது, கட்டாயம்னு சொல்லல.

இன்னொரு பக்கம், 2023ல ஒரு கிலோவுக்கும் கம்மியான ஒரு குழந்தைக்குக் குடுத்த ப்ரோபயாடிக் பாக்டீரியாவே ரத்தத்துல கலந்து அந்தக் குழந்தை இறந்துடுச்சு, அதுக்கப்புறம் அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ டாக்டருங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிச்சு. அபூர்வம்தான், ஆனா நடந்தது. உங்க ஆஸ்பத்திரில மருந்துத் தரத்துல தயாரிச்ச ஒண்ணு குடுக்கறாங்கன்னா அவங்க தெரிஞ்சுதான் குடுக்கறாங்க. நீங்களா ஆன்லைன்ல வாங்கி பையில வச்சு எடுத்துட்டுப் போய் ஐசியுல குழந்தை வாய்ல விடறது மட்டும் வேண்டவே வேண்டாம், கேள்வி கேட்ட தொனிய பாத்தா அந்த ஐடியா இருக்கற மாதிரி தெரியுது.

கேள்வி: தாய்ப்பால்தான் குடுக்கறோம், ஆனா முதல் வாரம் முழுக்க ஆன்டிபயாடிக் போச்சு. அப்ப பாலால பிரயோஜனம் இல்லையா?

இருக்கு. ஆன்டிபயாடிக் நல்லது கெட்டது பாக்காம அடிக்கும், பிஃபிடோ வர்றது தள்ளிப் போகும், அது உண்மை. செப்சிஸ் சந்தேகம் இருந்தா குடுக்காம இருக்கவும் முடியாது, அங்க பேரம் பேச இடமில்ல. கல்ச்சர் ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்ல, குழந்தையும் நல்லா இருக்குன்னா எப்ப நிறுத்துவீங்கன்னு டாக்டர் கிட்ட தாராளமா கேளுங்க, தப்பா நினைக்க மாட்டாங்க. நிறுத்தினதுக்கு அப்புறம் குடல்ல இடம் காலியாகும்போது அங்க ஒலிகோசாக்கரைடு போய்க்கிட்டு இருக்கணும்ல, அதனால இந்த சமயத்துல பால் இன்னும் முக்கியம்.

கேள்வி: என் பையன் 31 வாரம், எனக்கு பாலே வரல, பால் வங்கியும் இல்ல, முழுக்க ஃபார்முலாதான். இப்ப 8 மாசம், நல்லா இருக்கான். ஆனா இதெல்லாம் படிக்கும்போது அவன் குடலையே நான் கெடுத்துட்டேனோன்னு இருக்கு. ஆய் டெஸ்ட் கிட் வாங்கி பாக்டீரியா எல்லாம் செக் பண்ணலாமா?

நீங்க எதையும் கெடுக்கலமா. இந்தப் பக்கம் முழுக்க நான் சொன்ன என்இசி பயம் எல்லாம் பொறந்து முதல் சில வாரத்துக்கானது, அந்தக் கட்டத்த உங்க பையன் தாண்டி வந்துட்டான். ஃபார்முலா குடிச்ச குறைமாசக் குழந்தைங்கள்லயும் பெரும்பான்மைக்கு என்இசி வர்றதே இல்ல, ரெண்டு மடங்குன்னு நம்பர் சொல்லும்போது இந்தப் பக்கம் யாருக்கும் கண்ணுல படறதில்ல.

குடல் பாக்டீரியாவும் முதல் மாசத்துல எழுதின மாதிரியே நிக்கறது கிடையாது. திட உணவு ஆரம்பிச்சதும் பெரிய மாத்தம் வரும், நார்ச்சத்த உடைக்கற புதுப்புது வகை வந்து சேரும், ரெண்டு மூணு வயசுல பெரியவங்க குடல் மாதிரி ஆயிடும், சின்ன வயசுல இருந்த பால் வித்தியாசம் அதுக்குள்ள பெருமளவு மங்கிடும். முதல் வருஷ பாக்டீரியாவுக்கும் பின்னாடி அலர்ஜி, எடைக்கும் தொடர்பு இருக்கான்னு ஆராய்ச்சி ஓடிக்கிட்டு இருக்கு, ஆனா ஒரு தனிக் குழந்தையோட ஆய் ரிப்போர்ட்ட வச்சு இவனுக்கு இது வரும்னு சொல்ற நிலைமைல யாரும் இல்ல.

அதனால டெஸ்ட் கிட் வேண்டாம். அதுல வர்ற கலர் கலர் சார்ட்ட எடுத்துட்டு வந்து என் முன்னாடி வச்சா நானும் உங்கள மாதிரியேதான் அதைப் பாத்துக்கிட்டு இருப்பேன், அதை வச்சு மாத்தறதுக்கு ஒரு வைத்தியமும் என்கிட்ட இல்ல. எடை, நீளம், தலை சுத்தளவ கரெக்டட் ஏஜ் (பொறக்க வேண்டிய நாள்ல இருந்து எண்ற வயசு) சார்ட்ல போட்டுப் பாருங்க, கண் செக்கப்பும் காது டெஸ்ட்டும் முடிஞ்சுதான்னு பாருங்க, குறைமாசப் பையனுக்கு 8 மாசத்துல அதுங்கதான் அவசரம். சளின்னு வந்தா தேவையில்லாம ஆன்டிபயாடிக் எழுதாதீங்கன்னு உங்க டாக்டர் கிட்ட நீங்களே சொல்லலாம். தட்டுல நாலு விதமா காய், பருப்பு, பழம்னு மாத்தி மாத்தி வைங்க, துப்பினாலும் ரெண்டு நாள் கழிச்சு திரும்ப வைங்க.